மலையின் மண்ணும் தாடையின் எலும்பும்

“பல்லுப் போனால் சொல்லுப் போச்சு” என்பது நம்மவர் வாயில் அடிபடும் பழமொழி. ஆனால் பல் போகும்போது சொல் மட்டுமா போகிறது? விரும்பிய உணவு போகிறது. மனம்விட்டுச் சிரிக்கும் சிரிப்புப் போகிறது. சில ஆண்டுகளில் முகத்தின் அமைப்பே மாறிப் போகிறது.

ஞாயிற்றுக்கிழமை மாலைப் பொழுதில் ஹற்றன், தலவாக்கலை, பூண்டுலோயாப் பகுதிகளில் ஏதேனும் ஒரு தோட்டத்து லயத்தின் முன்னே சற்று நின்று பாருங்கள். வாசற்படியில் ஒரு பெரியவர் அமர்ந்து, சிற்றுரலில் வெற்றிலை பாக்கை இடித்துக்கொண்டிருப்பார். வயதைக் கேட்டால் ஐம்பத்தைந்து என்பார். முகமோ எழுபத்தைந்து என்று சொல்லும். கன்னங்கள் உள்ளே ஒட்டியிருக்கும், உதடுகள் உட்குழிந்திருக்கும், நாடி மேலெழுந்து மூக்கை நெருங்கியிருக்கும். இது முதுமை மாத்திரம் செய்த வேலை அன்று. பற்களைத் தாங்கி நின்ற தாடை எலும்பு கரைந்து மறைந்ததே இதற்குப் பெருங்காரணம்.

கரைந்த எலும்பை மீண்டும் உண்டாக்க முடியுமா? ஓரளவுக்கு முடியும் என்கிறது இன்றைய பல் வைத்தியம். குழி விழுந்த இடத்தில் வேறோர் எலும்பையோ எலும்பு போன்ற பொருளையோ வைத்து, அதைப் பற்றிக்கொண்டு புதிய எலும்பு வளரச் செய்வதை ‘எலும்பு ஒட்டு’ என்று அழைக்கிறார்கள். அதற்கென வழங்கும் பொருட்கள் பல. அவற்றுள் எது சிறந்தது, எந்தக் குறைக்கு எது பொருந்தும், ஒரு குடும்பம் எதைத் தெரிந்துகொண்டு வைத்தியரிடம் செல்ல வேண்டும் என்பவற்றையே இக்கட்டுரையில் நாம் ஆராய விரும்புகிறோம்.

இவ்வினாவை எழுப்ப மலையகத்தாருக்குத் தனியுரிமை ஒன்று உண்டு. அதனை முதலிற் கூறிவிடுவோம்.

பாடநூலான வாய்கள்

நோர்வே நாட்டில் பிறந்த ஹரால்ட் லோ என்னும் பல் வைத்திய அறிஞர், 1965-ஆம் ஆண்டு டென்மார்க்கில் ஓர் எளிய சோதனையை நடத்தினார். ஆரோக்கியமான ஈறுகளையுடைய பன்னிருவரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தார். பத்து முதல் இருபத்தொரு நாட்களுக்குள் அனைவரின் ஈறுகளும் வீங்கிச் சிவந்தன. மீண்டும் பல் துலக்கத் தொடங்கியதும் ஈறுகள் பழைய நிலையை அடைந்தன. பல்லின்மேற் படியும் அழுக்குப் படலமே ஈறு நோய்க்கு மூலகாரணம் என்பது இதனால் உறுதியாயிற்று.

அப்படியானால், ஆயுள் முழுவதும் பல்லைச் சுத்தம் செய்யாது விட்டால் என்ன நிகழும்? இதனை அறிய லோ குழுவினர் தெரிந்தெடுத்த இடம் நம் பூண்டுலோயா! 1970-ஆம் ஆண்டு டன்சினன், ஹரோ ஆகிய தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாய்களை அவர்கள் பரிசோதித்தார்கள். பற்தூரிகையும் அறியாத, பற்சிகிச்சையும் பெறாத மக்கள் என்பதே அவர்களைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு 1969-இல் ஒஸ்லோ நகரின் மாணவரும் கல்விமான்களுமாகிய 565 பேரை முன்னரே பரிசோதித்திருந்தார்கள்.

கிடைத்த முடிவுகள் உலகை வியக்கவைத்தன. நாற்பது வயதை நெருங்கும் நோர்வேக்காரருக்குப் பல்லின் பிடிமானம் சராசரியாக ஒன்றரை மில்லிமீட்டர் அளவே இறங்கியிருந்தது. அதே வயதை நெருங்கும் தோட்டத் தொழிலாளிக்கு நாலரை மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. ஆண்டுக்கு 0.3 மில்லிமீட்டர் வீதம் அது இறங்கிக்கொண்டேயிருந்தது. சிறிய அளவாயிற்றே என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு பல்லின் வேர் முழுவதுமே சுமார் ஒன்றரைச் சென்ரிமீட்டர்தான்.

இன்னொரு விந்தையும் வெளிப்பட்டது. இம்மக்களிடம் பற்சூத்தை அநேகமாக இல்லை. பற்கள் உறுதியாகவே இருந்தன. அவற்றைத் தாங்கிய எலும்புதான் கரைந்துபோயிற்று. தேயிலை மலையில் வேலை செய்வோருக்கு இதனை விளக்க அதிகம் சொல்லத் தேவையில்லை. பெருமழையில் சரிவின் மண் அரித்துச் செல்லும்போது செடிக்கு நோயில்லை. இலை பசுமையாகவே இருக்கிறது. வேர் மட்டும் வெளியே தெரிகிறது. ஒரு நாள் கைபட்டதும் செடி சாய்கிறது. தொழிலாளியின் பல்லும் இவ்வாறே விழுந்தது.

1986-இல் வெளியான அறிக்கை மேலும் ஓர் உண்மையைக் கூறியது. எல்லோர் வாயிலும் ஒரே அழுக்கு இருந்தபோதிலும், நூற்றுக்கு 8 பேருக்கு நோய் மிக வேகமாக முற்றியது. 81 பேருக்கு நடுத்தர வேகம். மீதி 11 பேருக்கு ஈறு வீக்கத்தைக் கடந்து நோய் செல்லவேயில்லை. வேகமாக முற்றியவர்கள் 35 வயதிற்குள் பன்னிரண்டு பற்களையும், 45 வயதிற்குள் ஏறக்குறைய எல்லாப் பற்களையும் இழந்தனர். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2010-இல் ஆய்வாளர் திரும்பி வந்தபோது பரிசோதிக்கக் கிடைத்தவர்கள் 75 பேர் மாத்திரமே.

உலகெங்கும் ஈறு நோயைப் பற்றிப் படிக்கும் மாணவர்கள் இந்த எண்களைப் படிக்கிறார்கள். எலும்பு எவ்வாறு கரைகிறது என்பதை உலகம் கற்றுக்கொண்டது நம்மவர் வாய்களிலிருந்து. ஆகவே, கரைந்த எலும்பை மீட்கும் வழியை அறிந்துகொள்ள நம்மவருக்கு உரிமையில்லையா?

எலும்பு வளரும் விதம்

எலும்பைக் கல்லைப் போன்ற சடப்பொருள் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. எலும்பு உயிருள்ள இழையம். அதில் இரத்தம் ஓடுகிறது. பழையதைக் கரைக்கும் கலங்களும் புதியதைக் கட்டும் கலங்களும் இரவு பகலாக அங்கே வேலை செய்கின்றன. பற்களைத் தாங்கும் தாடை விளிம்பு எலும்போ பல்லுக்காகவே தோன்றி, பல்லோடு மறைவது. ஒரு பல்லைப் பிடுங்கினால், ஓராண்டுக்குள் அவ்விடத்து எலும்பின் அகலம் பாதியளவு வரை குறைந்துவிடக்கூடும். அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களிலேயே குறைகிறது.

காலியான இடத்தில் புதிய எலும்பு தோன்ற மூன்று உதவிகள் தேவை. முதலாவது, எலும்பைக் கட்டும் உயிர்க்கலங்கள். இரண்டாவது, அக்கலங்களை வேலைக்கு அழைக்கும் தூண்டுதல். மூன்றாவது, அவை ஏறி நின்று வேலை செய்யச் சாரம். வீடு கட்டுவதோடு ஒப்பிட்டால், கொத்தனார், கொத்தனாரை அழைக்கும் குரல், அவர் ஏறி நிற்கும் சாரம் என்று இம்மூன்றையும் கொள்ளலாம். ஒட்டுப் பொருட்களை ஒப்பிடும்போது இந்த அளவுகோலைக் கையிற் பிடித்துக்கொண்டால் குழப்பம் நேராது.

நால்வகைப் பொருட்கள்

முதலாவது வகை, நோயாளியின் சொந்த எலும்பு. நாடியிலிருந்தோ, கீழ்த்தாடையின் பின்புறத்திலிருந்தோ, அதிகம் வேண்டுமாயின் இடுப்பு எலும்பிலிருந்தோ எடுத்து வைப்பார்கள். கொத்தனாரும் குரலும் சாரமும் ஆகிய மூன்றும் இதில் ஒருங்கே உள்ளன. உடல் தன் பொருளைத் தானே ஏற்றுக்கொள்வதால் விலக்கும் அச்சமில்லை. பிறர் நோய் தொற்றும் அச்சமுமில்லை. முதல் உலக யுத்தத்திலே தாடை சிதைந்த போர்வீரர்களுக்கு இவ்வழியே கைகொடுத்தது. இன்றும் மற்றப் பொருட்கள் யாவும் இதனோடு ஒப்பிட்டே மதிக்கப்படுகின்றன. ஆயினும் குறைகள் உண்டு. எடுக்கும் இடத்தில் இன்னொரு காயம், இன்னொரு வலி. எடுக்கக் கூடிய அளவும் எல்லைக்குட்பட்டது. வைத்த எலும்பில் ஒரு பகுதி சில மாதங்களிற் கரைந்து போவதும் உண்டு. இடுப்பிலிருந்து எடுத்தால், சில நாட்கள் நடப்பதே சிரமமாகலாம். மலை ஏறி இறங்கிக் கொழுந்து பறிக்கும் ஒருவருக்கு இது அற்பமான செய்தியன்று.

இரண்டாவது வகை, பிறர் எலும்பு. இறந்தபின் தானம் செய்தவரின் எலும்பைக் கழுவி, கொழுப்பை நீக்கி, உறைய வைத்து உலர்த்தி, கதிர்வீச்சினாற் கிருமி நீக்கிச் சேமிக்கிறார்கள். இதிலே உயிர்க்கலம் இல்லை, சாரம் உண்டு. அழைக்கும் குரல் ஓரளவு உண்டு. அக்குரலைக் கண்டுபிடித்தவர் அமெரிக்கரான மார்ஷல் யூரிஸ்ற். கல்சியத்தை நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தால் அங்கேயும் எலும்பு முளைக்கிறது என்று 1965-இல் அவர் காட்டினார். எலும்பினுள் மறைந்திருந்த ஒரு புரதமே அதற்குக் காரணம். அப்புரதத்தை இன்று தனியாகவே தயாரிக்கிறார்கள். விலையோ மிக அதிகம்.

தானம் என்னும் சொல்லுக்கு இலங்கையில் தனிச்சிறப்பு உண்டு. 1961-இல் டொக்டர் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தானச் சங்கம் உலகப் புகழ் பெற்றது. அச்சங்கத்தின் முயற்சியாலும் சர்வதேச அணுசக்தி முகவர் நிலையத்தின் உதவியாலும் 1996-இல் கொழும்பில் மனித இழைய வங்கி ஒன்றும் எழுந்தது. கண்ணைப் போலவே எலும்பும் தோலும் இன்னொருவருக்குப் பயன்படலாம் என்பது பலர் அறியாத செய்தி.

மூன்றாவது வகை, விலங்கின் எலும்பு. பெரும்பாலும் மாட்டெலும்பு; சில வேளைகளிற் பன்றியெலும்பு. கடும் வெப்பத்தாலும் இரசாயனங்களாலும் அதிலுள்ள உயிர்ப்பொருள் யாவற்றையும் நீக்கிவிட்டு, தாதுச் சட்டகத்தை மட்டும் சிறு மணிகளாக்கிப் புட்டியில் அடைக்கிறார்கள். கொத்தனாரும் இல்லை, குரலும் இல்லை; சாரம் மாத்திரமே. ஆனால் அச்சாரம் மனித எலும்பின் நுண்துளை அமைப்பை மிக நெருங்கியது. மிக மெதுவாகவே கரைவதால், கட்டிய இடத்தின் பருமன் பல ஆண்டுகள் குறையாமல் நிற்கிறது. கரையாமையே ஒரு குறை என்பாரும் உளர். ஆண்டுகள் சென்றபின்னும் அந்தத் துணுக்குகள் எலும்பினுள்ளே அப்படியே கிடக்கின்றன.

நாலாவது வகை, மனிதன் செய்த பொருள். பாரிஸ் சாந்தினால் எலும்புக் குழியை நிரப்பும் முயற்சி 1892-ஆம் ஆண்டிலேயே ஜேர்மனியில் நடந்தது. இன்று வழங்குவன பெரும்பாலும் கல்சியம், பொஸ்பேற் சேர்ந்த உப்புகள். எலும்பின் தாதுவும் இவ்வகைச் சேர்மானமேயாகும். இவற்றுள் ஒன்று ஆண்டுக்கணக்கிற் கரையாது நிற்கும். இன்னொன்று சில மாதங்கள் முதல் ஓரிரு ஆண்டுகளுக்குள் கரைந்து எலும்புக்கு இடங்கொடுக்கும். இரண்டையும் கலந்து வழங்குவதும் உண்டு. 1969-இல் லரி ஹென்ச் கண்டுபிடித்த ஒருவகைக் கண்ணாடி எலும்போடு ஒட்டிப் பிணையும் இயல்புடையது. இவ்வகைப் பொருட்களால் பிறர் நோய் தொற்றாது. வேண்டிய அளவு கிடைக்கும். எந்த மதத்தவருக்கும் மனத்தடை இராது. ஆனால் இவையும் சாரமே. கொத்தனார் நோயாளியின் உடலிலிருந்தே வரவேண்டும்.

புல்லும் கன்றும்

பொருளை வைத்துவிட்டால் மட்டும் போதுமா? புதிதாகக் கன்று நட்ட மலையை நினைத்துப் பாருங்கள். தவறணையில் வளர்த்த நல்ல கன்றையே நட்டாலும், புல் வெட்டாமல் விட்டால் கன்று தலைதூக்குமுன் புல் மூடிவிடும். வாயிலும் இதே போட்டி நடக்கிறது. ஈறு விரைந்து வளர்வது. எலும்போ நிதானமாக வளர்வது. விட்டால், எலும்புக்குரிய இடத்தை ஈறு பிடித்துக்கொள்ளும். ஆகவே இரண்டிற்கும் நடுவே மெல்லிய சவ்வொன்றை விரித்து, ஈறு உள்ளே இறங்காதபடி தடுக்கிறார்கள். சுவீடனில் 1982-இல் ஸ்ரூரே நீமன் குழுவினர் மனிதரிடம் முதன்முதலாக இம்முறை வெற்றியளிப்பதைக் காட்டினார்கள்.

இன்னுமோர் எளிய உதவி நோயாளியின் சொந்த இரத்தம். சிறிதளவு எடுத்துச் சுழல் இயந்திரத்திற் சுற்றினால், குணப்படுத்தும் பொருட்கள் நிறைந்த ஒரு மென்கட்டி பிரிகிறது. பிரான்ஸில் 2001-இல் வெளிவந்த இம்முறை ஒட்டுப் பொருளோடு சேர்த்து வழங்கப்படுகிறது. இது எலும்புக்கு ஈடாகாது. காயம் ஆறத் துணை செய்யும். செலவு குறைவு என்பது இதன் தனிச்சிறப்பு.

எந்தக் குறைக்கு எது?

இனி ஒப்பீட்டின் மையத்திற்கு வருவோம். “எந்தப் பொருள் சிறந்தது?” என்று கேட்பதைவிட, “எந்தக் குழிக்கு எந்தப் பொருள்?” என்று கேட்பதே முறையாகும்.

ஈறு நோயினாற் பல்லைச் சுற்றி உண்டான சிறு குழியை முதலில் எடுத்துக்கொள்வோம். மூன்று பக்கமும் எலும்புச் சுவர் நிற்கும் குழியானால், போட்ட பொருள் அங்கேயே தங்கும். சுவர்களிலிருந்தே கலங்கள் வரும். இங்கே பிறர் எலும்பு, விலங்கு எலும்பு, செயற்கைப் பொருள் ஆகிய எதுவும் நல்ல பயன் தரலாம். பொருளின் பெயரைவிட வைத்தியரின் கைத்திறனும் நோயாளியின் வாய்ச் சுத்தமுமே பெரிதும் முடிவைத் தீர்மானிக்கின்றன. ஒரு பக்கச் சுவர் மட்டும் நின்றாலோ, எந்தப் பொருளும் நம்பத்தக்கதன்று. கல் கட்டாத சரிவில் மண்ணைக் கொட்டினால் நிற்குமா? பல்வரிசை முழுவதும் ஒரே மட்டமாக எலும்பு இறங்கிவிட்டால், ஒட்டு வைத்துப் பழைய உயரத்தைப் பெறுவது இன்றும் இயலாத காரியமே. பூண்டுலோயாத் தொழிலாளர்களுள் நோய் மிக முற்றியவர்களை எந்தப் புட்டி மருந்தும் மீட்டிருக்க முடியாது.

பல் பிடுங்கிய குழி அடுத்தது. பின்னர் அங்கே செயற்கைப் பல்வேர் பொருத்த எண்ணமிருந்தால், பிடுங்கிய அன்றே குழியை நிரப்பி வைப்பது எலும்பு சுருங்குவதைக் குறைக்கும். மெதுவாகக் கரையும் விலங்கெலும்பு இங்கே பெரிதும் வழங்குகிறது. தாடை ஏற்கெனவே மெலிந்து கூர்மையாகிவிட்டதாயின், சொந்த எலும்பைக் கட்டியாகவோ, துருவி மற்றப் பொருளோடு கலந்தோ வைக்கிறார்கள். கலங்கள் சொந்த எலும்பிலிருந்தும், கரையாத சட்டகம் மற்றதிலிருந்தும் கிடைப்பதால் இக்கலப்பைப் பலர் விரும்புகின்றனர்.

மூன்றாவது, உதட்டுப் பிளவோடும் அண்ணப் பிளவோடும் பிறந்த குழந்தை. உதட்டைத் தைத்து மூடிய பின்னரும் மேல்தாடை எலும்பில் இடைவெளி நிற்கும். 1972-இல் போய்ன், சான்ட்ஸ் என்னும் அமெரிக்க வைத்தியர்கள் ஒரு வழியைக் காட்டினர். வேட்டைப்பல் முளைக்குமுன், ஏறக்குறைய எட்டு முதல் பதினொரு வயதிற்குள், இடுப்பெலும்பின் மென்பகுதியை எடுத்து அவ்விடைவெளியில் வைக்க வேண்டும். அப்புதிய எலும்பின் ஊடாகவே வேட்டைப்பல் இறங்கி வரும். இங்கே சொந்த எலும்புக்கே முதலிடம். கரையாத மணிகள் முளைக்கும் பல்லுக்குத் தடையாகலாம். அத்தகைய குழந்தையுள்ள பெற்றோர் ஒன்றை மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும்: காலம் தவறினால் அவ்வாய்ப்பு அவ்வளவு எளிதில் மீண்டும் வராது.

நாலாவது, மிகக் கொடியது. புற்றுநோய்க்காகத் தாடையின் ஒரு பகுதியையே வெட்டியெடுக்க நேர்ந்த நிலை. வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் இரவும் பகலும் கன்னத்தில் ஒதுக்கியிருக்கும் பழக்கம் நம் மலைகளில் இன்றும் மறையவில்லை. குளிருக்கும் பசிக்கும் அது துணை என்று நம்புவோர் பலர். புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1985-இலேயே கூறியது. புகையிலை சேராத வெற்றிலையும், தனிப் பாக்கும்கூட அவ்வாறே என்று 2004-இல் அறிவித்தது.

வெட்டிய இடைவெளி ஐந்தாறு சென்ரிமீட்டருக்கு மேற்பட்டால், உயிரற்ற எந்தப் பொருளும் அங்கே உதவாது. இரத்தம் எட்டாத நடுப்பகுதி மடிந்துவிடும். கதிர்ச் சிகிச்சையும் பெற்ற இடமாயின் கேட்க வேண்டியதேயில்லை. ஆகவே இரத்தக்குழாயோடு கூடிய உயிருள்ள எலும்பையே இடம் பெயர்க்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் உள்ளன அல்லவா? உடலின் பாரத்தைப் பெரும்பாலும் தாங்குவது பெரிய எலும்பே. வெளிப்புறத்திலுள்ள மெல்லிய எலும்பில் நீண்டதொரு துண்டை அதன் இரத்தக்குழாயுடன் எடுத்து, தாடையின் வளைவுக்கேற்ப வெட்டி மடக்கி, கழுத்தின் இரத்தக்குழாயோடு நுணுக்குக்காட்டியின் துணையாற் தைத்து இணைக்கிறார்கள். அவுஸ்திரேலியரான இயன் ரெயிலர் 1975-இல் காலெலும்பு முறிவுக்குச் செய்து காட்டிய இவ்வித்தையை, ஹிடால்கோ என்னும் அமெரிக்கர் 1989-இல் தாடைக்குப் பயன்படுத்தினார். காலின் எலும்பு வாயிற் போய்ச் சோறு மெல்லுகிறது! புராணக் கதை போன்ற இது இன்று பெரிய வைத்தியசாலைகளில் நடைபெறும் சத்திரசிகிச்சை. ஆனால் பல மணி நேரம் எடுப்பது. தேர்ந்த குழு வேண்டுவது.

மனச்சாட்சியின் கேள்வி

1668-இல் மீக்கரன் என்னும் ஒல்லாந்தச் சத்திரசிகிச்சையாளர் ஒரு கதையை எழுதி வைத்தார். ருஷ்யர் ஒருவரின் மண்டையோட்டுக் காயத்தை நாயின் எலும்பினால் அடைத்துக் குணப்படுத்தினார்களாம். விலங்கின் எலும்பைத் தாங்கியவன் என்று தேவாலயம் அவரை விலக்கி வைக்கவே, அதை எடுத்துவிடும்படி அவர் கேட்டாராம். அதற்குள் அது நன்றாகப் பொருந்தி ஆறிவிட்டதாம்.

முந்நூற்றைம்பது ஆண்டுகள் கடந்தும் இக்கேள்வி தீரவில்லை. மாட்டெலும்பை ஏற்க மனமில்லாத சைவர் இருக்கலாம்; பன்றியெலும்பை விரும்பாத முஸ்லிம் இருக்கலாம்; இறந்தவர் எலும்பு என்றாலே தயங்குவோர் இருக்கலாம். இதில் வெட்கப்பட ஏதுமில்லை. “இப்பொருள் எதிலிருந்து எடுத்தது? வேறு பொருள் உண்டா?” என்று முன்கூட்டியே கேட்பது நோயாளியின் உரிமை, ஒளிக்காமற் சொல்வது வைத்தியரின் கடமை. எழுத்தறியாத பெரியவருக்குப் பதிலாக, படிக்கும் பேரப்பிள்ளை இந்தக் கேள்வியைக் கேட்கலாம். கேட்க வேண்டிய மற்றக் கேள்விகளும் உண்டு: எத்தனை மாதங் காத்திருக்க வேண்டும்? ஒட்டு நிலைக்காவிட்டால் என்ன வழி? மொத்தச் செலவு எவ்வளவு? நீரிழிவைக் கட்டுப்படுத்தாமலும், புகையையும் வெற்றிலையையும் விடாமலும் வைக்கும் ஒட்டு, எத்துணை விலையுயர்ந்ததாயினும், தோல்வியை நாடும் என்பதையும் மறத்தலாகாது.

தொலைவும் ஒரு நாட் பேரும்

இவ்வைத்தியக் கலையின் பெருங்கோயில் நமக்கு வெகு தொலைவில் இல்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பல் வைத்திய பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் ஹற்றனிலிருந்து ரயிலேறினால் சில மணி நேரத்தில் அடையும் இடத்திலேயே உள்ளன. டிக்கோயாவில் 150 கட்டில்களுடன் இந்திய உதவியாற் கட்டிய வைத்தியசாலை 2017 மே மாதம் திறக்கப்பட்டது. அப்படியிருந்தும் தொழிலாளி போவதில்லையே, ஏன்? போனால் ஒரு நாட் பேர் போய்விடும். பல தடவை போக வேண்டுமாயின் பல நாட் பேர். ஈறு நோயோ தொடக்கத்தில் வலிப்பதில்லை. வலிக்காத நோய்க்காகக் கூலியை இழக்க யார் துணிவர்? பல் ஆடும்போது போகிறார். அப்பொழுது எலும்பு போய்விட்டது. பிடுங்குவதைத் தவிர வேறு வழி இல்லை.

எலும்பு ஒட்டைப் பற்றி இவ்வளவு பேசிய நாம் அதன் எல்லையையும் சொல்லாவிடில் வாசகர்களை ஏமாற்றியவர்களாவோம். உலகின் சிறந்த ஒட்டுப் பொருளும், உள்ளே எஞ்சியிருக்கும் நல்ல எலும்பின் துணையில்லாமற் பயன் தராது. அந்த எலும்பைக் காப்பதற்கு ஒரு தூரிகையும் சிறிது பற்பசையும் நாளுக்கு இரண்டு தடவை சில நிமிடங்களும் போதும். பூண்டுலோயா ஆய்வின் நாற்பதாண்டுக் கணக்கு 2017-இல் வெளியானபோது ஓர் உண்மையைச் சொன்னது. முப்பது வயதிற் பிடிமானம் சராசரியாக 1.81 மில்லிமீட்டருக்குக் குறைவாகவே இறங்கியிருந்தால், அறுபது வயதிலும் குறைந்தது இருபது பற்கள் எஞ்சக்கூடும் என்பதே அது. அதாவது, அறுபதின் விதி முப்பதுக்கு முன்பே எழுதப்படுகிறது. மண் சரிந்தபின் மண் சுமப்பதைவிட, சரியுமுன் கானை வெட்டிக் கல் கட்டுவதே நல்ல தோட்டக்காரரின் அறிவு.

ஆகவே மாணவ மாணவியருக்கு ஒரு வேண்டுகோள். இன்று மாலை உங்கள் வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் வாயையும் வெளிச்சத்திற் பாருங்கள். துலக்கும்போது இரத்தம் கசிகிறதா, பல் ஆடுகிறதா, கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ உண்டா, வாய் முன்போல் அகலத் திறக்கிறதா என்று கேளுங்கள். இரு வாரங்களுக்கு மேல் ஆறாத புண் இருந்தால், பேர் போனாலும் பரவாயில்லை என்று வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

பொறுப்புள்ளவர்களுக்கும் ஒரு சொல். ஆராய்ச்சியாளர் நாற்பதாண்டுகளாக மலையேறி வந்து நம்மவர் வாயை அளந்து சென்றார்கள். மாதம் ஒரு தடவையேனும் பல் வைத்தியர் ஒருவர் அதே பாதையில் ஏறி வந்து, அளப்பதோடு நில்லாமற் சுத்தம் செய்தும் மருந்திட்டும் செல்ல ஒழுங்கு செய்வது இயலாத காரியமா? உலகுக்குப் பாடம் தந்த 480 பேருக்கும் அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கும் நாம் செலுத்த வேண்டிய கடன் அது.